ஐந்தாம் நாள் எண்ணிக்கை

ஒரு தாய்ப்பன்றிக்கு 14 முலைக்காம்புகள் இருக்கின்றன. அது ஒரே ஈற்றில் 18 குட்டிகளைப் போடுகிறது. மீதி 4 குட்டிகள் என்ன செய்யும்?

முறை வைத்துக் குடிக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். முடியாது. பன்றிக்குட்டிகள் பிறந்த சில நாள்களுக்குள் ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொரு வேளையும் அதே காம்புக்குத்தான் போகும். வேறு குட்டியை அங்கே அண்ட விடாது. பாலும் நினைத்த நேரத்தில் கிடைப்பதில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பால் இறங்கும், அதுவும் சில விநாடிகளுக்கு மட்டும். அந்தச் சில விநாடிகளில் காம்பு கிடைக்காத குட்டிக்கு அந்த வேளை பட்டினிதான்.

டென்மார்க் நாட்டுப் பண்ணைகளில் இது தினமும் எழும் கேள்வி. காட்டுப்பன்றி பொதுவாக 4 முதல் 6 குட்டிகள் வரை ஈனும். 1990களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் பண்ணைப் பன்றிகள் சராசரியாக 11, 12 குட்டிகள் அளவில் ஈன்றுகொண்டிருந்தன. இன்று அங்கே ஓர் ஈற்றில் உயிருடன் பிறக்கும் குட்டிகளின் சராசரி 17க்கும் மேல். முப்பது ஆண்டுகளில் இத்தனை பெரிய மாற்றம். தீவனமும் கவனிப்பும் மேம்பட்டது ஒரு காரணம். ஆனால் பெரும்பங்கு வேலையைச் செய்தது, மரபியல் கணக்குப் போட்டுத் தாய் தந்தையரைத் தேர்ந்தெடுத்த முறை.

பன்றி வளர்ப்பு உங்களில் பலருக்குத் தொலைவான விஷயமாக இருக்கும். இருந்தாலும் மரபியல் படிப்பவர்களுக்கு இந்த விலங்கு சொல்லித் தருவது நிறைய. பாடநூலில் ஓரிரு வரியில் முடிந்துவிடும் சில கருத்துகள் இங்கே உயிரோடு நடமாடுகின்றன.

பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் கண்ட விதிகளை உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு மரபணு, அதற்கு இரண்டு வடிவங்கள். செடி நெட்டையாகும் அல்லது குட்டையாகும். இடைப்பட்டது எதுவும் இல்லை. குட்டிகளின் எண்ணிக்கை அப்படிப்பட்ட பண்பு அல்ல. அது மனிதர்களின் உயரத்தைப் போன்றது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிது கூட்டியோ குறைத்தோ விடுகின்றன. அவற்றோடு தீவனம், வெயில், நோய், தாயின் வயது, இணை சேர்த்த நாள் எனப் பலவும் சேர்கின்றன.

அப்படியானால் மரபணுவின் பங்கு எவ்வளவு? ஒரே வகைப் பன்றிகளிடையே காணும் ஏற்றத்தாழ்வில் எத்தனை பங்கு மரபணுக்களால் வருகிறது என்பதை அறிவியலாளர்கள் ஓர் எண்ணாகச் சொல்வார்கள். ஹெரிட்டபிலிட்டி என்பது அதன் பெயர்; மரபுவழித் திறன் என்று வைத்துக்கொள்வோம். பன்றியின் முதுகுக் கொழுப்பின் தடிமனுக்கு இந்த எண் 100க்கு 40 முதல் 50 வரை இருக்கும். குட்டிகளின் எண்ணிக்கைக்கு வெறும் 10தான்.

இந்த 10 என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பண்ணையின் சராசரி 13 குட்டிகள். அங்கே ஒரு பன்றி 19 குட்டிகளை ஈன்று பண்ணைக்காரரை அசத்திவிடுகிறது. அதாவது சராசரியைவிட 6 அதிகம். இந்த 6இல் மரபணுவுக்கு உரியதாக நாம் எதிர்பார்க்கக்கூடியது 10இல் ஒரு பங்கு, அதாவது 0.6. மகளுக்குத் தாயிடமிருந்து போவது அதில் பாதி, 0.3. ஆகவே 19 குட்டி போட்ட அந்தச் சாதனைத் தாயின் மகள்களிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது சராசரியாக 13.3 குட்டிகள்!

நீண்ட காலம் பண்ணையாளர்களை இந்தக் கணக்கு சோர்வடையச் செய்திருந்தது. நல்ல தாயைத் தேர்ந்தெடுத்தாலும் மகள்கள் சராசரிக்கே திரும்பிவிடுகிறார்கள் என்றால் தேர்ந்தெடுத்து என்ன பயன்? இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண் பன்றி குட்டி ஈனுவதில்லை. ஆனால் மகளின் மரபணுக்களில் பாதி அதனிடமிருந்துதான் வருகிறது. அந்தப் பாதி நல்லதா கெட்டதா என்பதை ஆண் பன்றியைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இங்கே மாணவர்கள் பலர் தடுமாறும் ஓர் இடத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். மரபுவழித் திறன் 10 என்பதற்கு ‘மரபணுவுக்கு இதில் முக்கியத்துவம் இல்லை’ என்று பொருள் அல்ல. ஒரு தாயின் ஓர் ஈற்றைப் பார்த்து அதன் மரபணுவை ஊகித்தால் அந்த ஊகம் மிகவும் பலவீனமாக இருக்கும் என்பதுதான் பொருள். சத்தம் நிறைந்த அறையில் யாரோ மெல்லப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கேட்டால் புரியாது. அதே சொல்லை நாற்பது முறை சொன்னால் புரிந்துவிடும்.

நாற்பது என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. ஒரு பன்றியின் ஒரே ஒரு ஈற்றை மட்டும் பார்த்தால் அதன் மரபுத் தரத்தைப் பற்றிய மதிப்பீட்டின் நம்பகம் 100க்கு 10. ஓர் ஆண் பன்றிக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த 40 மகள்கள் இருந்து, ஒவ்வொரு மகளின் முதல் ஈற்றையும் எண்ணினால், அந்த ஆண் பன்றியைப் பற்றிய நம்பகம் 100க்கு 50 ஆகிவிடும். செயற்கை முறைக் கருவூட்டல் பரவிய பிறகு ஒரே ஆண் பன்றிக்குப் பல பண்ணைகளில் மகள்கள் இருப்பது சாதாரணமாகிவிட்டது. குட்டியே ஈனாத ஆணின் ‘ஈனும் திறமை’ இப்படித்தான் மகள்கள் வழியாக வெளிச்சத்துக்கு வந்தது.

ஆனால் எல்லா மகள்களும் ஒரே பண்ணையில் வளர்வதில்லையே? எளிதான வினாத்தாள் எழுதிய மாணவரையும் கடினமான வினாத்தாள் எழுதிய மாணவரையும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹெண்டர்சன் இதற்காகவே ஒரு புள்ளியியல் முறையை உருவாக்கினார். பண்ணை, பருவம், எத்தனையாவது ஈற்று என்ற வேறுபாடுகளையெல்லாம் கழித்துவிட்டு, தாய், பாட்டி, அக்காள், தங்கை, ஒன்றுவிட்ட சகோதரி என உறவினர் அனைவரின் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கும் முறை அது. முதலில் பால் மாடுகளுக்குப் பயன்பட்டது. கணினிகள் மலிவான பிறகு பன்றிகளுக்கும் வந்தது.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1970களிலேயே இன்னொரு வழியை முயன்றார்கள். நாடு முழுவதும் பண்ணைப் பதிவேடுகளைப் புரட்டி, திரும்பத் திரும்ப மிக அதிகக் குட்டிகளை ஈன்ற தாய்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் வழிவந்த மகன்களைக் கொண்டு புதிய மந்தையை உருவாக்கினார்கள். ஆயிரக்கணக்கான தாய்களில் மிகச் சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால், 10 என்ற சிறிய எண்ணும் பலன் தரும் என்பதை அது காட்டியது. டென்மார்க் 1992ஆம் ஆண்டு, பிறக்கும் குட்டிகளின் மொத்த எண்ணிக்கையைத் தன் இனப்பெருக்கத் திட்டத்தின் இலக்குகளில் ஒன்றாகச் சேர்த்தது. எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

எண்ணிக்கை ஏறும்போது உடலுக்குள் எது மாறுகிறது? பன்றியின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு சுழற்சியில் 20க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் வெளிவரும். ஏறக்குறைய எல்லாமே கருவுற்றுவிடும். ஆனால் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல், பிறப்பதற்கு முன்பே அழிந்துவிடுகின்றன. பெரிய கண்டம் ஏறத்தாழ 12ஆம் நாள். அதுவரை உருண்டையாக இருந்த கரு சில மணி நேரத்தில் நூல் போல நீளத் தொடங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரந்து ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தாய்க்குத் தெரிவிக்கிறது. கருப்பையில் குறைந்தது 4 கருக்களாவது இருந்தால்தான் அந்தச் செய்தி எடுபடும். இல்லாவிட்டால் கர்ப்பம் நிலைக்காது.

கருமுட்டைகளைக் கூட்டினால் குட்டிகளும் கூடுமே என்ற யோசனை இயல்பானது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆய்வாளர்கள் அதைச் செய்தே பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக அதிகக் கருமுட்டை விடும் பன்றிகளையே தேர்ந்தெடுத்தார்கள். முட்டைகள் ஏறக்குறைய 4 கூடின. குட்டிகளோ முழுதாக ஒன்றுகூடக் கூடவில்லை! கருப்பையில் இடமும் இரத்த ஓட்டமும் ஓர் அளவுதான். பேருந்தில் ஏறுகிறவர்களைக் கூட்டுவதால் இருக்கைகள் கூடிவிடுமா?

அந்த இருக்கைச் சிக்கலைத் தீர்த்திருந்த ஓர் இனம் சீனாவில் ஏற்கெனவே இருந்தது. ஷாங்காய் நகரை அடுத்த தாய்ஹு ஏரிப் பகுதியைச் சேர்ந்த மெய்ஷான் பன்றி. கறுப்பு உடல், தொங்கும் பெரிய காதுகள், முகமெல்லாம் சுருக்கம். ஐரோப்பியப் பன்றி பருவமடைய ஆறு மாதம் ஆகும். மெய்ஷான் மூன்று மாத அளவிலேயே பருவமடைந்துவிடும். ஐரோப்பிய இனங்களைவிட ஓர் ஈற்றில் 3 முதல் 5 குட்டிகள் வரை கூடுதலாக ஈனும். 1979ஆம் ஆண்டு பிரான்ஸும் பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவும் இந்தப் பன்றிகளைத் தருவித்து ஆராய்ந்தன.

அதன் இரகசியத்தில் பெரும்பங்கு நஞ்சுக்கொடியில் இருந்தது. ஐரோப்பியப் பன்றியின் கரு கடைசி வாரங்களில் கூடுதல் உணவு வேண்டித் தன் நஞ்சுக்கொடியைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. பக்கத்துக் கருவை நெருக்குகிறது. மெய்ஷானின் நஞ்சுக்கொடி அதிகம் பெரிதாவதில்லை. அதற்குப் பதிலாக அதற்குள்ளே இரத்தக் குழாய்கள் அடர்த்தியாகின்றன. சிறிய இடத்தில் அதே வேலை நடக்கிறது. ஒரே பண்ணையில், ஒரே தீவனத்தில் வளர்த்தாலும் இந்த வேறுபாடு மறைவதில்லை. அதாவது இனங்களுக்கு இடையிலான இந்த வேறுபாடு மரபணுவால் வருவது. ஓர் இனத்துக்குள் மரபணுவின் பங்கு 10 என்று முன்பு சொன்னதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

அப்படியானால் எல்லாரும் மெய்ஷானையே வளர்த்திருக்கலாமே? அது மெதுவாக வளரும், கொழுப்பும் மிக அதிகம். குட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கொழுப்பை விட்டுவிட முடியுமா என்பதுதான் மரபணு ஆய்வாளர்களின் கனவு. 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேக்ஸ் ராத்ஸ்சைல்டும் அவருடைய குழுவினரும் பரபரப்பான ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஈஸ்ட்ரோஜனை உணரும் புரதத்துக்கான மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருந்தால், மெய்ஷான் கலப்புள்ள பன்றிகளில் ஓர் ஈற்றுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் கூடுகின்றன என்பதே அது. கரு தாய்க்குச் செய்தி சொல்லும் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன்தானே. கேட்கவே பொருத்தமாக இருந்தது. ஆனால் மற்ற மந்தைகளில் சோதித்தபோது பலன் சில இடங்களில் சிறியதாக இருந்தது, சில இடங்களில் தென்படவே இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இழுக்கும் தேரில் ஒன்றை மட்டும் பாராட்ட முடியாது என்பது எல்லாருக்கும் புரிந்தது. இன்று பன்றியின் டி.என்.ஏ.வில் சுமார் 60,000 இடங்களை ஒரே சோதனையில் படித்து, எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள்.

அந்தச் சோதனை எதிர்பாராத ஒன்றையும் காட்டிக்கொடுத்தது. இதில் மெண்டல் மறுபடியும் வருகிறார். 2018ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள், லார்ஜ் ஒயிட் இனத்தின் ஒரு மந்தையில் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். 18ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியில் டி.என்.ஏ.வின் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் விடுபட்டிருந்தன. இந்த விடுபாட்டை ஒரு பிரதியாகச் சுமந்த பன்றிகள் ஏராளம். இரண்டு பிரதிகளையும் சுமந்த பன்றி ஒன்றுகூட உயிரோடு இல்லை. காரணம் எளிது: அவை கருப்பையிலேயே இறந்துவிடுகின்றன. ஒரு பிரதி சுமக்கும் ஆணும் ஒரு பிரதி சுமக்கும் பெண்ணும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று புன்னெட் சதுரம் வரைந்து பாருங்கள். நான்கில் ஒரு பங்கு குட்டிகள் போய்விடும்.

இவ்வளவு கேடான ஒன்று ஏன் மந்தையில் தங்கியது? ஒரு பிரதி மட்டும் உள்ள பன்றிகள் வேகமாக வளர்ந்தன! வேகமாக வளர்வதைத் தேர்ந்தெடுத்த மனிதர்கள், தங்களுக்குத் தெரியாமலே குட்டிகளைக் கொல்லும் விடுபாட்டையும் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். இப்போது சோதனை இருப்பதால், அதைச் சுமக்கும் இரண்டு பன்றிகளை இணை சேர்க்காமல் தவிர்த்துவிடலாம்.

தெரியாமல் தேர்ந்தெடுத்த கதை டென்மார்க்கிலும் நடந்தது. இன்னும் பெரிய அளவில். பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை கூடக்கூட, ஒவ்வொரு குட்டியின் எடையும் குறைந்தது. பிரான்ஸில் செய்த ஓர் ஆய்வின்படி, 11 அல்லது அதற்கும் குறைவான குட்டிகள் பிறந்த ஈற்றில் ஒரு குட்டியின் சராசரி எடை 1.59 கிலோ, 16 அல்லது அதற்கும் மேல் பிறந்த ஈற்றில் 1.26 கிலோ. ஒரு குட்டி கூடினால் மற்றவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 கிராம் இழக்கின்றன. எடை குறைந்த குட்டிக்கு உடல் சூட்டைக் காக்கத் தெம்பு இல்லை. பன்றிக்குட்டி நோய் எதிர்ப்பொருள் ஏதும் இல்லாமல்தான் பிறக்கிறது; பன்றியின் நஞ்சுக்கொடி அதைக் கடத்துவதில்லை. முதல் நாளில் சீம்பால் குடித்தால்தான் உண்டு. அந்தப் போட்டியில் தோற்கும் குட்டி குளிரிலும் பசியிலும் துவண்டு, தாயின் சூட்டைத் தேடி ஒட்டிப் படுக்கும். தாய் புரளும்போது நசுங்கிவிடும்.

டென்மார்க்கில் குட்டி இறப்பு கூடிக்கொண்டே போனது. பிறக்கும் எண்ணிக்கையைக் கூட்டும் மரபணுக்களும் பிழைக்கும் திறனைக் குறைக்கும் மரபணுக்களும் ஓரளவு ஒன்றாகவே இருந்தன. முதலாவதைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாவதும் கூடவே வந்துவிட்டது. பொதுமக்களும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

2004ஆம் ஆண்டு அவர்கள் செய்த மாற்றம் கேட்பதற்கு மிகச் சிறியது. புதிய மரபணு எதையும் தேடவில்லை. எண்ணும் நாளை மாற்றினார்கள். பிறந்த அன்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஐந்தாம் நாள் எத்தனை குட்டிகள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டு தாய் தந்தையரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் ஐந்தாம் நாள்? பால் குடிக்கும் பருவத்தில் இறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை முதல் சில நாள்களிலேயே இறந்துவிடுகின்றன. ஐந்தாம் நாளைத் தாண்டிய குட்டி பெரும்பாலும் தப்பிவிடும். 18 ஈன்று 6ஐ இழக்கும் தாயைவிட 15 ஈன்று 14ஐக் காப்பாற்றும் தாய் இந்தக் கணக்கில் மேலே வந்துவிடும்.

இந்த முறையில் தேர்ந்தெடுத்த டேனிஷ் லேண்ட்ரேஸ், யார்க்‌ஷயர் இனங்களின் பதிவுகளைச் சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. ஐந்தாம் நாள் உயிரோடிருந்த குட்டிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. இறப்பு விகிதம் குறைந்திருந்தது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்று நினைத்தவர்கள் பலர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஐந்தாம் நாள் எண்ணிக்கை கூட வேண்டுமானால், பிழைப்பவை கூடினாலும் சரி, பிறப்பவை கூடினாலும் சரி. அதனால் பிறப்பவையும் தொடர்ந்து கூடின. இன்றும் அங்கே உயிருடன் பிறக்கும் 10 குட்டிகளில் ஒன்றுக்கும் மேல் பால் மறக்கும் முன் இறக்கிறது. என்னைக் கேட்டால், எண்ணும் நாளை மாற்றியது புத்திசாலித்தனம். ஆனால் 17க்கு மேல் போகத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு மரபியல் மட்டும் பதில் சொல்ல முடியாது.

இப்போது அந்த 4 குட்டிகளுக்குத் திரும்புவோம். பண்ணைகளில் அவற்றைச் செவிலித் தாய்களிடம் சேர்க்கிறார்கள். தன் குட்டிகளைப் பால் மறக்கச் செய்து பிரித்த பிறகும் பால் சுரக்கும் இன்னொரு பன்றியின் கீழ் அவை வளரும். அதற்கு ஆள், இடம், நேரம் எல்லாம் வேண்டும். ஆகவே காம்புகளையே கூட்ட முடியுமா என்றும் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

இது குட்டிகளின் எண்ணிக்கையைவிட எளிதான வேலை. காம்புகளின் எண்ணிக்கைக்கு மரபுவழித் திறன் 100க்கு 30க்கும் மேல் இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. 7ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் வடிவத்தைப் பொறுத்துப் பன்றியின் முதுகெலும்புக் கண்ணிகளின் எண்ணிக்கை மாறுகிறது. கண்ணிகள் கூடி உடல் நீளும்போது காம்புகளும் கூடுகின்றன. ஈற்றுக்காக ஓராண்டு காத்திருக்க வேண்டியதும் இல்லை. பிறந்த அன்றே குட்டியைத் திருப்பிப் பிடித்து எண்ணிவிடலாம். ஆண் குட்டிக்கும் காம்புகள் உண்டு. அவை ஒருநாளும் பால் தரப்போவதில்லை. ஆனால் அதன் மகள்களுக்கு எத்தனை காம்புகள் இருக்கக்கூடும் என்பதைச் சொல்லிவிடும். அதனால் ஆண் குட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, வயிற்றின் இரு பக்கமும் எண்ணி, பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.